கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஐஸ் ஹாக்கி வீரர் எப்படித் திவாலாகிறார்?

கேள்வி இதுதான்: வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீகில் வீரர்கள் ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் வாங்குகிறார்கள். ஒப்பந்தம் போட்டால் அந்தப் பணம் கிட்டத்தட்ட உறுதி. அப்படியும் சிலர் திவால் மனு கொடுக்கிறார்களே, அது எப்படி? கோடையில் அணியை மாற்றி அமைக்கும் மேலாளர்கள், ஒரு வீரரின் கடனைப் பார்த்து முடிவெடுப்பார்களா?

முதல் பாதிக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம்: பணம் உறுதி என்பதால்தான் கடன் கிடைக்கிறது. அமெரிக்கக் கால்பந்து லீகில் பல ஒப்பந்தங்களைப் பாதியிலேயே வெட்டிவிட முடியும். ஐஸ் ஹாக்கியில் அப்படி இல்லை. ஏழு ஆண்டு ஒப்பந்தம் என்றால், ஆட்டம் சரிந்தாலும் காயம்பட்டாலும் பணம் வரும். கடன் கொடுப்பவருக்கு இதைவிட நல்ல அடமானம் ஏது? ஆக, ஒரு 24 வயதுப் பையன் இனிமேல் சம்பாதிக்கப்போகும் பணம் முழுவதையும் இன்றைக்கே அடகு வைத்துவிட முடிகிறது.

செய்தியில் வரும் தொகையும் கைக்கு வரும் தொகையும் வேறு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லீகின் வருமானத்தில் வீரர்களுக்குப் பாதி என்பது லீகும் வீரர் சங்கமும் செய்துகொண்ட ஏற்பாடு. சம்பளங்களின் கூட்டுத்தொகை அந்தப் பாதியைத் தாண்டிவிட்டால் ஈடுகட்டுவதற்காக, ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரு பங்கைப் பிடித்து வைப்பார்கள். அதற்கு எஸ்க்ரோ என்று பெயர். கொரோனா நேரத்தில் 2020-21 சீசனில் இது 20 சதவீதம் வரை போனது. அப்புறம் படிப்படியாக 6 சதவீதத்துக்கு இறங்கியது. ஏஜெண்ட் கமிஷன் சில சதவீதம். அமெரிக்க மத்திய வருமான வரியின் உச்ச விகிதம் 37 சதவீதம், கலிஃபோர்னியாவில் ஆடினால் மாநில வரியாக 13.3 சதவீதம் வரை. 50 லட்சம் டாலர் என்று செய்தி வந்தால், கையில் நிற்பது பாதிக்கும் குறைவு. அதுவும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, லீக் ஆட்டங்கள் நடக்கும் மாதங்களில்தான் வரும். அதன் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களுக்குச் சம்பளமே கிடையாது. லீகின் பொது நிதியிலிருந்து ஒரு பங்கு மட்டும் உண்டு. கோடை முழுக்கச் சம்பள வரவு இல்லை, செலவு உண்டு. ஒப்பந்தத்தில் சைனிங் போனஸ், அதாவது வழக்கமான சம்பளத்திலிருந்து பிரித்துத் தனியாகத் தரும் தொகை இருந்தால், அது பெரும்பாலும் ஜூலை 1 அன்று மொத்தமாக வந்து விழும்.

இது மட்டும் யாரையும் திவாலாக்காது. ஆனால் வரவு செலவைக் கவனிக்க யாராவது வேண்டும் என்ற நிலைக்கு 20 வயதிலேயே ஒரு வீரரைத் தள்ளிவிடுகிறது. அந்த யாராவது யார் என்பதில்தான் கதை பிரிகிறது.

ஜாக் ஜான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். இளம் வீரர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் நிகழ்வான டிராஃப்டில், 2005-இல் மூன்றாவதாகத் தேர்வான டிஃபென்ஸ் வீரர். லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அவருக்கு 2011 ஜனவரியில் 7 ஆண்டுக்கு 3.05 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அடுத்த ஆண்டே கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸுக்கு மாற்றப்பட்டார். 2014 அக்டோபர் 7 அன்று, புதிய சீசன் தொடங்க ஓரிரு நாள் இருக்கும்போது, அவர் ஒஹாயோவில் திவால் மனு கொடுத்தார். மனுவில் காட்டிய சொத்து 50,000 டாலருக்கும் குறைவு. கடன் ஒரு கோடி டாலருக்கு மேல்.

என்ன நடந்தது என்பதைக் கொலம்பஸ் டிஸ்பேட்ச் நாளிதழ் சில வாரங்களில் வெளியிட்டது. ஜான்சன் 2008-லேயே தன் அம்மாவுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். லீகின் பெரிய ஏஜெண்டுகளில் ஒருவரை விலக்கிவிட்டு, பணப் பொறுப்பு முழுவதும் பெற்றோர் கைக்குப் போனது. மகனின் வருங்காலச் சம்பளத்தைக் காட்டி, குறைந்தது 1.5 கோடி டாலர் அளவுக்கு அதிக வட்டிக் கடன்கள் வாங்கப்பட்டன. வீடு, கார், பயணம் என்று ஒரு பகுதி போனது. வட்டி கட்டவே மறுபடி கடன் என்று இன்னொரு பகுதி போனது. கலிஃபோர்னியக் கடற்கரையில் வாங்கிய வீடும் அதில் அடக்கம். தவறான ஆட்களை நம்பிவிட்டேன் என்ற அளவில் மட்டும் ஜான்சன் அப்போது பேசினார். பெற்றோரைப் பொதுவெளியில் வசைபாடவில்லை.

பெற்றவளிடம் பவர் கொடுத்தவனை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐஸ் ஹாக்கி செலவு பிடித்த விளையாட்டு. ஸ்கேட், உடைகள், பனித்தள வாடகை, வெளியூர்ப் போட்டிகள் எல்லாம் சேர்ந்து, ஒரு பிள்ளையை மேலே கொண்டுவர ஒரு குடும்பமே பத்துப் பன்னிரண்டு வருடம் அதற்காக வாழ வேண்டியிருக்கும். அப்படி வளர்த்தவர்களிடம் கணக்குக் கேட்பது நன்றிகெட்டதனம் என்று அந்த வயதில் தோன்றுவது இயல்பு. இந்த உணர்வு நம் வீடுகளுக்கும் புதிதல்ல. ஆனால் கணக்குக் கேட்காத இடத்தில்தான் கடன் வளர்கிறது.

ஜான்சன் கொடுத்தது சாப்டர் 11 மனு. இந்த விவரம் முக்கியம். அமெரிக்கத் திவால் சட்டத்தில் ஒரு தனிமனிதர் சாப்டர் 11-இல் போனால், மனுவுக்குப் பிறகு அவர் சம்பாதிப்பதும் கடன்காரர்களுக்கான நிதிக்குள் வந்துவிடும். கடைசியில் 2016-இல் முடிவான திட்டத்தின்படி, 2016-17, 2017-18 ஆகிய இரண்டு சீசன்களில் அவருடைய 50 லட்சம் டாலர் சம்பளத்தில், வாழ்க்கைச் செலவுக்கான 2.46 லட்சம் டாலர் போக மீதி கடன்காரர்களுக்கு. லீகின் குறைந்தபட்சச் சம்பளத்தைவிட மிகக் குறைவான தொகை அது. கடன்காரர்களுக்காக ஆடிய அந்த 2016-17 சீசனில் ஜான்சன் 82 ஆட்டங்களிலும் இறங்கினார். கொலம்பஸ் தொடர்ந்து 16 ஆட்டங்களை வென்றதும், 108 புள்ளிகள் எடுத்து அதுவரை அந்த அணி காணாத உயரத்தைத் தொட்டதும் அதே சீசனில்தான். கடன்பட்டவன் மனசு ஆட்டத்தில் இருக்காது என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

இவாண்டர் கேனின் கதை வேறு. 2009 டிராஃப்டில் நான்காவது, வேகமும் உடல் வலுவும் கோல் அடிக்கும் திறமையும் ஒன்றாகச் சேர்ந்த ஃபார்வர்ட். சான் ஹோசே ஷார்க்ஸ் 2018 மே மாதம் 7 ஆண்டுக்கு 4.9 கோடி டாலர் கொடுத்தது, அதாவது ஆண்டுக்கு 70 லட்சம். 2021 ஜனவரியில் திவால் மனு கொடுத்தபோது கடன் சுமார் 2.68 கோடி, சொத்து சுமார் 1.02 கோடி. அந்தச் சொத்திலும் பெரும்பகுதி வீடுகள். முந்தைய ஓராண்டில் சூதாட்டத்தில் 15 லட்சம் டாலர் இழந்ததாக மனுவிலேயே குறிப்பிட்டிருந்தார். லாஸ் வேகஸ் கேசினோ ஒன்று 5 லட்சம் டாலர் பாக்கி என்று 2019-இலேயே வழக்குப் போட்டு, பிறகு அதைத் திரும்பப் பெற்றிருந்தது. கடனில் பெரும்பகுதி வருங்காலச் சம்பளத்தின் பேரில் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுத்தது. ஒரு வங்கி வீரரோடு சேர்த்து கிளப் மீதும் வழக்குப் போட்டது. வீரரின் சொந்தக் கடன் அணி அலுவலக வாசலுக்கு வந்துவிடும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கேன் கொடுத்தது சாப்டர் 7 மனு. அதில் இருக்கும் சொத்தை ஒரு நிர்வாகி கையில் எடுத்து விற்றுப் பிரித்துக் கொடுப்பார். மனுவுக்குப் பிறகு உழைத்துச் சம்பாதிப்பது பொதுவாகக் கடனாளிக்கே சேரும். கடன் கொடுத்தவர்கள் நம்பியிருந்தது அவருடைய மீதி ஒப்பந்தத்தை. அது அவர்கள் கையை விட்டுப் போகும் வழி இது, கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. புதிதாகக் குழந்தை பிறந்திருப்பதால் உடல்நலக் கவலையில் சீசனையே விட்டுவிடலாம், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்ற குறிப்பும் மனுவில் இருந்தது. ஒரு மேலாளர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? முதல் வரிசை ஃபார்வர்ட் அடுத்த வாரம் வருவாரா என்றே தெரியாது. கடைசியில் கேன் வந்தார். சுருக்கப்பட்ட அந்த சீசனின் 56 ஆட்டங்களிலும் ஆடி 22 கோல் அடித்து, கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 49 புள்ளிகள் எடுத்து அணியிலேயே முதலிடம்.

பிறகு நடந்தவற்றுக்கும் கடனுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தன் அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டினார் என்ற குற்றச்சாட்டை லீக் விசாரித்து ஆதாரம் இல்லை என்றது. கோவிட் விதிமுறையை மீறியதற்காக 21 ஆட்டங்கள் தடை விதித்தது. 2022 ஜனவரியில் சான் ஹோசே ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. வீரர் சங்கம் எதிர்த்து முறையிட்டு, பிறகு சமரசமானது. அதே மாதம் எட்மன்டன் ஆய்லர்ஸ் அவரை எடுத்தது: 43 ஆட்டத்தில் 22 கோல், பிளேஆஃபில் 15 ஆட்டத்தில் 13 கோல். அந்தக் கோடையிலேயே 4 ஆண்டுக்கு 2.05 கோடி டாலர் புதிய ஒப்பந்தமும் வந்துவிட்டது.

மோசடிக்காரர்களால் இழந்தவர்கள் தனி வகை. பில் கென்னர் என்ற நிதி ஆலோசகர் வீரர்களோடு நண்பராகப் பழகி, ஹவாய் நிலத் திட்டம், பிரீபெய்டு கார்டு நிறுவனம் என்று அவர்கள் பணத்தைத் திருப்பிவிட்டார். 2015-இல் நியூயார்க்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2020-இல் 17 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். இதற்கெல்லாம் முன்னோடி ஆலன் ஈகிள்சன். வீரர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார், அதே நேரம் ஏஜெண்டாகவும் இருந்தார். மாபெரும் வீரர் பாபி ஆர் 1976-இல் பாஸ்டனை விட்டு சிகாகோ போனபோது, பாஸ்டன் அணியில் 18.5 சதவீதப் பங்கு தர உரிமையாளர்கள் முன்வந்திருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. ஓய்வு பெற்றபோது ஆர் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத நிலையில் இருந்தார். ஈகிள்சன் 1998-இல் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.

சரி, இப்போது கோடைக்கு வருவோம். ஜூன் கடைசியில் டிராஃப்ட், ஜூலை 1 அன்று ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான ஃப்ரீ ஏஜெண்ட் சந்தை திறப்பு, அப்புறம் சம்பளத் தகராறுகளுக்கு நடுவர் மன்றம், செப்டம்பரில் பயிற்சி முகாம். இந்த மூன்று மாதத்தில் மேலாளரின் கையைக் கட்டுவது, ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் உச்சவரம்பு. பேச்சுவழக்கில் கேப் என்பார்கள். 2024-25-இல் இது 8.8 கோடி டாலர், 2025-26-இல் 9.55 கோடி, 2026-27-இல் 10.4 கோடி. கோடையில் மட்டும் 10 சதவீதம் வரை தாண்டிக்கொள்ளலாம். சீசன் தொடங்கும் நாளில் 23 பேர் கொண்ட அணி வரம்புக்குள் நிற்க வேண்டும்.

வீரர்கள் நாளைய சம்பளத்தை அடகு வைப்பதைக் கண்டு வருத்தப்படும் நாம், அணிகள் அதையே செய்வதைக் கவனிப்பதில்லை. மின்னசோட்டா வைல்ட் அணி 2012 ஜூலை 4 அன்று சாக் பரிசே, ரையன் சூட்டர் இருவருக்கும் ஆளுக்கு 13 ஆண்டு, 9.8 கோடி டாலர் கொடுத்தது. அன்றைக்கு ஊரே கொண்டாடியது. 2021 கோடையில் இருவரையும் பை-அவுட் செய்து அனுப்பியது. பை-அவுட் என்றால், மிச்சமுள்ள சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை (26 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மூன்றில் ஒன்று), மிச்ச ஆண்டுகளைப் போல் இரு மடங்கு காலத்துக்குப் பரப்பிக் கொடுப்பது. பணம் பரவினாலும் கேப் கணக்கில் அடி விழும். 2023-24, 2024-25 இரண்டு சீசன்களிலும், அணியில் இல்லாத அந்த இருவருக்காக மின்னசோட்டாவின் கேப்பில் 1.47 கோடி டாலர் முடங்கிக் கிடந்தது. ஒரு முதல் தர சென்டரையும் ஒரு நல்ல டிஃபென்ஸ் வீரரையும் வாங்கக்கூடிய தொகை அது.

ஜான்சன் இந்தக் கணக்கின் மறுபக்கத்திலும் வருகிறார். பழைய ஒப்பந்தம் முடிந்து 2018 ஜூலை 1 அன்று பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அவருக்கு 5 ஆண்டுக்கு 1.625 கோடி டாலர் கொடுத்தது. அவருக்கு அப்போது 31 வயது. முந்தைய பிளேஆஃபில் கொலம்பஸ் அவரை உட்கார வைத்திருந்தது. மதிப்பீட்டாளர்கள் பலர் இந்த ஒப்பந்தத்தைத் திட்டினார்கள். என் பார்வையில் தவறு 32.5 லட்சம் என்ற ஆண்டுத் தொகையில் இல்லை, ஐந்து ஆண்டு என்ற காலத்தில். இரண்டு சீசனிலேயே பிட்ஸ்பர்க் அவரை பை-அவுட் செய்தது. அந்தச் சுமை 2025-26 வரை அவர்கள் கேப்பில் நீண்டது. இடையில் 2021-இல், ஒப்பந்தமே இல்லாமல் முயற்சி ஆட்டக்காரராகக் கொலராடோ முகாமுக்குப் போன ஜான்சன் கிட்டத்தட்டக் குறைந்தபட்சச் சம்பளத்தில் இடம்பிடித்தார். 2022 மேற்குப் பிரிவு இறுதித் தொடரில் கொலராடோவும் எட்மன்டனும் மோதின. ஒரு பக்கம் ஜான்சன், மறுபக்கம் கேன். கொலராடோ 4-0 என்று வென்று, அடுத்து லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையையும் எடுத்தது.

ஆகவே கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என் பதில்: கடன் இருக்கிறதா என்பதைவிட, அந்தக் கடன் எப்படி வந்தது, இப்போது யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் மேலாளர் பார்க்க வேண்டும். அடுத்தவரை நம்பிக் கெட்டவர், பவரை ரத்து செய்து, நீதிமன்றத்தின் மேற்பார்வையில் கணக்கை முடித்துக்கொண்டால், அந்த ஆபத்து பெரும்பாலும் தீர்ந்தது. அவரிடம் பேச வேண்டியது வயது, வேகம், ஒப்பந்த ஆண்டுகள் பற்றித்தான். சூதாட்டம் போல இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழக்கத்தால் வந்த கடன் என்றால், புதுச் சம்பளம் அதை அணைக்காது. லீகும் வீரர் சங்கமும் சேர்ந்து நடத்தும் உதவித் திட்டம் 1996 முதல் இருக்கிறது. மனநலம், போதைப் பழக்கம், சூதாட்டம் எல்லாவற்றுக்கும் ரகசியமாக அங்கே போகலாம். வீரர் அங்கே போயிருக்கிறார் என்றால் அதை நல்ல அறிகுறியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கும் வீரர்தான் அணிக்குப் பெரிய ஆபத்து.

ஒப்பந்த வடிவமும் இங்கே முக்கியம். கடனில் இருப்பவருக்கு ஜூலையில் மொத்தமாக வரும் சைனிங் போனஸ் ஆசையாக இருக்கும். பை-அவுட் செய்தாலும் போனஸ் தொகை குறையாது என்பதால் ஏஜெண்டுகளும் அதையே கேட்பார்கள். டொராண்டோ 2019-இல் ஆஸ்டன் மேத்யூஸுக்குக் கொடுத்த ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் சம்பளம் 7 லட்சம் டாலர்தான், போனஸ் 1.52 கோடி. இப்படிப் பெரிய தொகை ஒரே நாளில் வருவது கட்டுக்கோப்பான ஆளுக்கு நல்லது, தடுமாறும் ஆளுக்கு நல்லதல்ல. நான் மேலாளராக இருந்தால், கடனிலிருந்து மீண்டு வரும் வீரருக்கு ஆண்டுகளைக் குறைத்து, போனஸைக் குறைத்து, சீசன் முழுவதும் சீராகப் பரவும் சம்பளமாகக் கேட்பேன். அவருடைய ஏஜெண்ட் முதலில் மறுப்பார். ஆனால் வீரரின் பக்கம் நின்று பார்த்தாலும் அதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

லீகும் வீரர் சங்கமும் செய்துகொண்ட, 2026 செப்டம்பரில் நடைமுறைக்கு வரும் புதிய கூட்டு ஒப்பந்தம் இதில் பாதி வழியை லீகே செய்து தருகிறது. சைனிங் போனஸ் மொத்தத் தொகையில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அணிகள் தங்கள் சொந்த வீரர்களுக்கு 7 ஆண்டு, வெளியிலிருந்து வருபவர்களுக்கு 6 ஆண்டு என்பதே உச்சம். முன்பு இது 8, 7 ஆக இருந்தது. குறைந்தபட்சச் சம்பளம் 2029-30-க்குள் 10 லட்சம் டாலரைத் தொடும். இவற்றை வரவேற்கிறேன். சம்பளத்தின் ஒரு பகுதியை ஒப்பந்தம் முடிந்த பிறகு கொடுக்கும் முறையைத் தடை செய்ததில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. கரோலினா ஹரிக்கேன்ஸ் 2024-இல் சேத் ஜார்விஸ், ஜாக்கப் ஸ்லேவின் ஒப்பந்தங்களில் அந்த முறையைப் பயன்படுத்தி கேப் தொகையைக் குறைத்தது. மற்ற அணிகளுக்கு நியாயமில்லை என்பதற்காகத் தடை வந்தது. அந்த வாதம் சரிதான். ஆனால் கேப் கணக்கில் முழுத் தொகையையும் சேர்த்துக்கொண்டு, பணத்தை மட்டும் 35 வயதுக்குப் பிறகு தர வீரர் விரும்பினால் அனுமதிக்கலாம் என்று ஒரு விதி எழுதியிருக்கலாம். எந்த அணிக்கும் அதனால் ஆதாயம் இருந்திருக்காது. அந்தத் தொகையின் பேரில் யாரும் கடன் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் அதிலேயே சேர்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடன் கொடுப்பவர்கள் அதையும் அடமானமாக எடுத்துக்கொள்வார்கள்.